உதயகிரிக் கல்லறையும் வலிய கப்பித்தானும்

பண்டைத் தமிழகத்தில் பிறநாட்டார் வேந்தர்பால் படைத்தொழில் பூண்டு வாழ்ந்தனர் என்பதற்கு நம் பழைய நூல்கள் சான்று பகர்கின்றன. பாசறையில் அரசனது பள்ளியைக் காத்து நின்ற யவனரை முல்லைப்பாட்டுக் காட்டுகின்றது. மதுரை மூதூரின் மதில்வாயிலைக் காத்த யவனரைச் சிலப்பதிகாரம் குறிக்கின்றது. ஆயினும், அவ்வீரருள் ஒருவரது பெயரையேனும், அவர் எந்நிலையில் வந்து எந்நிலையை எய்தினார் என்பதையேனும் அந்நூல்கள் வாயிலாக நாம் அறிதற்கில்லை. காவலராக நின்ற அளவில் அவர்தம் வரலாறு முடிந்துவிடுகின்றது.

பல நூற்றாண்டுகட்குப் பின்னர், தமிழகத்தின் தென்கோடியில், அத்தகைய ஒருவரது வரலாற்றைப் பெயரோடும் ஆண்டோடும் அறியும் வாய்ப்பு நமக்குக் கிடைத்துள்ளது. கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை உள்ளது. அதனுள் சிதைந்த சிறு கோவில் ஒன்றும், அதன்கண் சில கல்லறைகளும் உள்ளன. அவற்றுள் ஒன்று யூஸ்டாக்கியஸ் பெனடிக்டஸ் டி லனாய் என்பாருடையது. ஒல்லாந்தக் கும்பினியின் படையினராக வந்து, சிறைப்பட்டு, பின்னர்த் திருவிதாங்கூர்ப் படைக்கே தலைவராக உயர்ந்தவர் அவர். கல்லறையின்மேல் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துக்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவர் பெயரால் மக்கள் அக்கோட்டையை ‘டிலனாய் கோட்டை’ என்றும் வழங்குவர்.

இவரைப் பற்றி வழங்கும் செய்திகள் பல. அவற்றுள் மெய்யும் புனைவும் விரவிக் கிடக்கின்றன. இவரது படைத்தொழில் வாழ்க்கையை ஆண்டு முறைப்படி நோக்கி, கல்லறை வாசகம் கூறுவது யாது, கூறாது விடுப்பது யாது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. குளச்சற்போரின் பின்னணி

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பினி 1602ஆம் ஆண்டில் தோன்றியது. அது 1663இல் கொச்சியைப் போர்த்துக்கேசியரிடமிருந்து கைப்பற்றி, மலையாளக் கரையின் மிளகு வாணிகத்தில் மேலோங்கியது. சிற்றரசர் பலர் தனித்தனியே ஆண்ட நிலை கும்பினிக்கு உகந்ததாக இருந்தது. ஓர் அரசன் கொடாத மிளகைப் பிறிதோர் அரசனிடம் பெறலாம் அன்றோ? 1729இல் வேணாட்டு அரசு கட்டிலேறிய மார்த்தாண்டவர்மன் அந்நிலையை மாற்றத் தலைப்பட்டான். அண்டை நாடுகளை ஒவ்வொன்றாகத் தன் ஆட்சியில் அடக்கி, மிளகு வாணிகத்தையும் அரசின் கைக்கண் கொணர முயன்றான். இளையிடத்துச் சொரூபத்தின் உரிமை பற்றி எழுந்த பூசலில் கும்பினி தலையிட்டது. இலங்கையில் ஆளுநராக இருந்த வான் இம்ஹாப் 1739இல் மலையாளக் கரைக்கு வந்து அரசனைக் கண்டு பேசினார். உடன்பாடு ஏற்படவில்லை, போர் மூண்டது.

1740ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையினின்று வந்த ஒல்லாந்தப் படை குளச்சலில் இறங்கிற்று. அதன் தலைமை பூண்டிருந்தவர் யொகன்னஸ் ஹாக்கர்ட் என்னும் கப்பித்தான் ஆவார். முதலில் ஒல்லாந்தர் கை ஓங்கியது. எனினும், திருவிதாங்கூர்ப் படை குளச்சலை முற்றுகையிட்டபின் நிலை மாறியது. 1741 ஆகஸ்டுத் திங்களின் முற்பகுதியில், முற்றுகையிட்டோர் எறிந்த குண்டு ஒன்று ஒல்லாந்தரின் வெடிமருந்துப் பீப்பாயில் வீழ்ந்தது, தீப்பற்றியது, சேமித்து வைத்திருந்த அரிசி எரிந்து போயிற்று. உணவிழந்த படை பணிந்தது. இவ்வெற்றி ஆகஸ்டு 10ஆம் நாளுக்குரியதாக இன்று பலராலும் நினைவுகூரப்படுகின்றது.

இப்போரில் சிறைப்பட்ட ஐரோப்பியருள் ஒருவரே டி லனாய். சிறைப்பட்டோர் ஏறத்தாழ இருபத்துநால்வர் என்றும், அவருட் பலர் பின்னர் அரசனது படையிலேயே பணி ஏற்றனர் என்றும் வரலாற்று நூல்கள் கூறும்.

2. தலைவர் என்னும் வழக்கு

பத்மநாபபுரம் அரண்மனையில் பிற்காலத்து ஓவியம் ஒன்று உள்ளது. டி லனாய் மார்த்தாண்டவர்மன் முன்னிலையில் பணியும் காட்சி அதில் தீட்டப்பட்டுள்ளது. அதனைக் காண்போர், ஒல்லாந்தப் படையின் தலைவர் தம் வாளை அரசனிடம் ஒப்புவிக்கின்றார் என்றே கொள்வர். நூல்கள் சிலவும் அவரைக் கப்பற்படைத் தலைவர் என்றே எழுதிப் போந்தன.

இவ்வழக்குப் பொருந்துவதன்று. குளச்சலுக்கு வந்த படையின் தலைமை ஒரு கப்பித்தானிடம் இருந்தது என மேலே கண்டோம். கப்பற்படைப் பெருந்தலைவர் எவரும் அப்போரில் ஈடுபட்டிலர். மேலும், கும்பினியின் ஆவணங்களைத் துருவி ஆராய்ந்த மார்க் டி லனாய் என்னும் அறிஞர், திருவிதாங்கூரின் குலசேகரப் பெருமாள்களைப் பற்றி 1997இல் வெளியிட்ட நூலில் இப்பழைய வழக்கை மறுத்துள்ளார். சிறைப்பட்டபொழுது நம் டி லனாய் படையின் தலைவராக இருந்தவர் அல்லர் என்பதே ஆவணங்களால் பெறப்படும் முடிபு.

அங்ஙனமாயின் இவ்வழக்கு எவ்வாறு தோன்றியது? பிற்காலத்தில் அவர் எய்திய பெரும்பதவி முற்காலத்தின்மேல் ஏற்றி உரைக்கப்பட்டது என்று யாம் கருதுகின்றோம். வென்றவன் பெருமை தோற்றவன் பெருமையால் அளக்கப்படுவது உலகியல். எளிய படைஞன் ஒருவனைச் சிறைப்பிடித்தான் என்பதினும், எதிரியின் தலைவனையே சிறைப்பிடித்தான் என்பது கேட்போர்க்கு உவகை தரும். அவ்வுவகையே வழக்காக நிலைத்தது.

இப்பிழையினால் நேர்ந்த கேடு சிறிதன்று. முதலாவது, பிறிதொரு பெரும்பிழைக்கு இது வழிகோலியது. டி லனாய் பயிற்றிய படையே குளச்சலில் ஒல்லாந்தரை வென்றது என்பாரும் உளர். அவர் திருவிதாங்கூர்ப் பணியில் அமர்ந்ததே குளச்சற்போரின் விளைவாகும். விளைவு காரணத்திற்கு முற்படுதல் எங்ஙனம்? குளச்சலில் வென்றது நாட்டுப்படையே. திருநெல்வேலிச் சீமையினின்று கூலிக்கு அமர்த்தப்பெற்ற மறவர் படையையும் மார்த்தாண்டவர்மன் தன் போர்களில் பயன்படுத்தினான். ஐரோப்பியர் வந்த பின்னரே நாட்டுப்படை வலிமை பெற்றது என்னும் கொள்கைக்குக் குளச்சல் இடந்தரவில்லை. இரண்டாவது, டி லனாய்க்கும் இவ்வழக்கு நீதி செய்யவில்லை. பெரும்பதவியோடு வந்து பெரும்பதவியில் அமர்ந்தார் என்றால் அதில் வியப்பு யாது? எளிய நிலையில் வந்து, மொழியறியாத நாட்டில், சிறைப்பட்டவராகத் தொடங்கி, உழைப்பினாலும் நம்பகத்தினாலும் உயர்ந்தார் என்பதன்றோ அவரது வரலாற்றின் சிறப்பு?

3. பதவியின் வளர்ச்சி

டி லனாய் இன்றைய பிரான்சு நாட்டின் வடபகுதியிலுள்ள ஆரா நகரிற் பிறந்தவர் என்பர். கத்தோலிக்க சமயத்தினர். அவர் சேர்ந்த கும்பினியோ சீர்திருத்தச் சமயத்தாருடையது. எனவே ஒல்லாந்தர் நடுவிலும் அவர் ஒருவகையில் அயலாரே எனலாம்.

அரசன் அவரது திறனைக் கண்டு, தன் காவற்படையின் சில அணிகளைப் பயிற்றும் பொறுப்பை முதலில் அளித்தான் எனத் திருவிதாங்கூர் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. வாளும் வேலும் ஏந்தித் தனித்தனியே வீரம் காட்டும் களரிமுறையில் வல்லவர் அந்நாட்டு வீரர். அவர்கட்கு வரிசையாக நிற்றல், ஏவல்வழி நடத்தல், ஒருங்கே துப்பாக்கி சுடுதல், பீரங்கியைக் கையாளுதல் ஆகியவற்றை அவர் கற்பித்தார். பயிற்சியின் பயன் கண்ட அரசன் மேன்மேலும் பொறுப்பை வளர்த்தான். இறுதியில் அவர் ‘வலிய கப்பித்தான்’ என்னும் பெயரோடு படையின் தலைமையை எய்தினார்.

இப்பட்டப்பெயரைத் தமிழ் பயில்வோர் சற்று நின்று நோக்குதல் வேண்டும். ‘கப்பித்தான்’ என்பது போர்த்துக்கேசியச் சொல்லின் திரிபாய்க் கடற்கரை வழியே நம் மொழிகளுட் புகுந்தது. ‘வலிய’ என்பதைத் தமிழ் வழக்குப்பற்றி ‘வலிமையுடைய’ எனப் பொருள் கொள்ளின் பிழைபடும். மலையாள வழக்கில் அது ‘பெரிய’ எனப் பொருள்படும். ஆகவே ‘பெரிய கப்பித்தான்’, அஃதாவது கப்பித்தான்மார்க்கெல்லாம் தலைவர் என்பதே அதன் பொருள். கப்பித்தான், பட்டாளம், சிப்பாய், துப்பாக்கி என்றாற்போலப் புதிய போர்முறையோடு வந்து பெருகிய சொற்கள் பலவும் பிறமொழிச் சொற்களாயிருக்க, முன்நின்ற அடைமொழி மட்டும் திராவிடச் சொல்லாய் அமைந்தது. அயலாரின் தொழிலும் நாட்டாரின் மதிப்பும் ஒரு தொடரில் இணைந்தமைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

படைப்பயிற்சியோடு கோட்டைப் பணியும் அவர்பால் இருந்தது. உதயகிரிக் கோட்டை முன்னரே எழுந்ததாயினும், மார்த்தாண்டவர்மன் காலத்தில் அவரது மேற்பார்வையில் கல்லாற் புதுக்கி வலிமை செய்யப்பெற்றது. உள்ளே குன்றொன்றை வளைத்து நிற்கும் அக்கோட்டையில் பீரங்கி வார்க்கும் உலைக்களமும் இருந்தது. கன்னியாகுமரியை அடுத்த வட்டக்கோட்டையும் அவரது மேற்பார்வையிலேயே திருத்தியமைக்கப்பட்டது. படைக்கலம் வாங்கப் பிறரை எதிர்நோக்கிய அரசு, அதனைத் தானே ஆக்கும் நிலையை எய்தத் தொடங்கியமை இவற்றால் விளங்கும்.

4. கல்லறை வாசகம்

இனி, கல்லறைமேல் உள்ள இலத்தீன் வாசகத்தின் பொருளைச் சுருக்கி உரைப்போம். வழிச்செல்வோனை நிற்குமாறு விளித்துத் தொடங்கும் அது, இங்குக் கிடப்பவர் திருவிதாங்கூர்ப் படையின் பொதுத்தலைவராக இருந்தார் என்கின்றது; ஏறத்தாழ 37 ஆண்டு அரசனுக்குப் பெரும் பற்றுடன் பணிபுரிந்தார் என்கின்றது; காயங்குளம் முதற் கொச்சி வரையுள்ள நாடுகளையெல்லாம் படைவலியாலும் அச்சத்தாலும் அரசனுக்கு அடிமைப்படுத்தினார் என்கின்றது; 62 ஆண்டும் 5 திங்களும் வாழ்ந்து 1777 சூன் முதல் நாளில் இறந்தார் என முடிக்கின்றது.

இவ்வாசகத்தில் எண்கள் இரண்டு ஆராய்தற்குரியன. குளச்சல் வீழ்ந்தது 1741 ஆகஸ்டில். அவர் இறந்தது 1777 சூனில். இடைப்பட்ட காலம் 35 ஆண்டும் 10 திங்களுமே. ‘ஏறத்தாழ 36’ என்றல்லவா எழுதியிருத்தல் வேண்டும்? அவ்வாறே, நூல்களில் காணப்படும் அவரது பிறந்தநாள் 1715 திசம்பர் 30 ஆகும். அதன்படி இறந்தபொழுது அவர்க்கு அகவை 61 ஆண்டும் 5 திங்களும் ஆகும். கல்லோ 62 என்கின்றது. இரண்டிடத்தும் ஓராண்டு மிகுந்து நிற்கின்றது. இரண்டு பிழைகள் ஒரே அளவினவாய் அமைதல் தற்செயல் ஆகாது என்பது எம் கருத்து. தொடங்கிய ஆண்டையும் முடிந்த ஆண்டையும் உடன்சேர்த்து எண்ணும் முறையைக் கல்லெழுதுவித்தோர் மேற்கொண்டனர் எனின் இரண்டும் ஒருங்கே விளங்கும். 1741 முதல் 1777 வரை ஆண்டுப்பெயர்களை எண்ணினால் 37 ஆதல் காண்க. நடக்கும் ஆண்டையும் கூட்டி அகவை சொல்லும் வழக்கம் நம்மிடையேயும் உண்டு. இதனை ஏற்பின், கல்லையோ நூலையோ பொய்யென்று தள்ள வேண்டுவதில்லை.

எண்களினும் முதன்மையானது வாசகத்தின் மௌனம். அதில் குளச்சல் என்னும் பெயரே இல்லை. ஒல்லாந்தக் கும்பினியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவர் கும்பினியில் வகித்த பதவி யாதென்றும் கூறப்படவில்லை. புகழ்மொழிகளை வாரி வழங்கும் கல்லறை வாசகம், அவர் உண்மையில் ஒல்லாந்தப் படையின் தலைவராக இருந்திருப்பின் அதனைக் கூறாது விடுமோ? மௌனம் ஒன்றே முடிந்த சான்றாகாது என்பதை யாம் மறந்திலேம். தோல்வியை நினைவூட்ட வேண்டா என்று விடுத்திருத்தலும் கூடும். எனினும், ஆவணங்கள் காட்டும் முடிபோடு இம்மௌனம் முரணாது இயைகின்றது. கல்லெழுதுவித்தோர்க்கு அவரது வாழ்வு திருவிதாங்கூர்ப் பணியிலேயே தொடங்கிற்று.

இங்ஙனம் கூறுவதால் கல் கூறுவனவெல்லாம் ஐயத்திற்கு அப்பாற்பட்டன என்பது பொருளன்று. காயங்குளம் முதற் கொச்சி வரை எல்லா நாடுகளையும் அவரே அடிமைப்படுத்தினார் என்பது மிகைக்கூற்று. காயங்குளம் 1746இல் அடங்கியது. தெக்கும்கூறும் வடக்கும்கூறும் 1749, 1750ஆம் ஆண்டுகளில் அடங்கின. அப்போர்களில் டி லனாயின் பீரங்கிகளும் பயிற்சி பெற்ற அணிகளும் பெரும்பங்கு கொண்டன என்பது உண்மை. ஆயினும், 1737 முதல் 1756 வரை தளவாயாக இருந்த இராமய்யனின் சூழ்ச்சித்திறனும், 1753இல் மாவேலிக்கரையில் ஒல்லாந்தரோடு செய்துகொண்ட உடன்படிக்கையும் இன்றி அவ்வெற்றிகள் நிலைபெற்றிரா. ஒருவனது கல்லறை அவனையே பாடும். வரலாற்றாசிரியன் உடனிருந்தோரையும் எண்ணுதல் வேண்டும்.

5. பற்றும் அதன் விலையும்

‘பெரும் பற்றுடன் பணிபுரிந்தார்’ என்று கல் கூறுவது வாளா கூறிய புகழோ, அன்றி வாழ்ந்து காட்டிய உண்மையோ? இதற்கு விடையாகும் நிகழ்ச்சிகள் இரண்டு உள.

அரண்மனை அலுவலராயிருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளை டி லனாயின் நண்பர். துன்பமுற்ற யோபுவின் கதையை டி லனாய் அவர்க்கு எடுத்துரைத்தார் என்பது மரபுவழிச் செய்தி. நீலகண்ட பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார், 1749இல் சிறைப்பட்டார், 1752 சனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. தம் சொல்லைக் கேட்டு மதம் மாறிய நண்பர் தாம் பணிபுரியும் அரசிலேயே கொல்லப்பட்டபொழுது, அவ்வரசின் படைப்பொறுப்பு டி லனாயின் கைகளில் இருந்தது. அவர் அதனைத் துறந்திலர். பின்னரும் இருபத்தைந்து ஆண்டு பணிபுரிந்தார். இதனைப் பற்றெனப் புகழ்வாரும் இருப்பர்; வேறு போக்கில்லாத அயலாரின் நிலையெனக் கொள்வாரும் இருப்பர். அவரது உள்ளத்தை நாம் எழுதப் புகுதல் முறையன்று. பணி எளிதாய் இருந்ததில்லை என்பது மட்டும் தெளிவு.

மற்றொன்று, அவரது கல்லறைக்கு அருகிலேயே உள்ளது. அவர் மைந்தர் யொகன்னஸ் 1765இல் களக்காட்டுப் போரில் இறந்து அங்கே அடக்கம் செய்யப்பெற்றார். களக்காடு, ஆர்க்காட்டு நவாபுக்கும் திருவிதாங்கூருக்கும் இடையே நெடுங்காலம் வழக்கில் இருந்த நிலம். தந்தை வந்தேறியவர், மைந்தரோ இந்நாட்டின் போரில் உயிர் துறந்தவர். மனைவி மார்கரீத்தாவின் கல்லறையும் உடனுள்ளது. வந்த நாடே சொந்த நாடாயிற்று என்பதற்கு வேறு ஆவணம் வேண்டா.

6. நெடுங்கோட்டை

1758இல் மார்த்தாண்டவர்மன் மறைந்தபின், தருமராசா எனப்படும் கார்த்திகைத் திருநாள் இராமவர்மன் ஆட்சியிலும் டி லனாய் தலைமையில் நீடித்தார். சாமூதிரியின் படையெடுப்பைத் தடுக்கக் கொச்சியும் திருவிதாங்கூரும் உடன்பட்ட பின்னர், வடவெல்லைக் காவலுக்கென நெடுங்கோட்டை எழுந்தது. மேற்குக் கடற்கரையை ஒட்டிய கிருஷ்ணன்கோட்டை தொடங்கி மலைத்தொடர் வரை, ஏறத்தாழ 30 கல் தொலைவு, மண்மதிலும் அகழியும் முள்வேலியுமாக அது நீண்டது. அப்பணியை மேற்பார்த்தவர் டி லனாயே.

அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டு கழிந்து, 1789 திசம்பர் 29ஆம் நாள், திப்பு சுல்தானின் படை நெடுங்கோட்டையைத் தாக்கிப் பேரிழப்புடன் பின்வாங்கியது. 1790இல் மீண்டும் வந்தே அதனை உடைக்க முடிந்தது. தம் வாழ்நாளின் பெரும்பணி ஆய்வுக்கு உள்ளானபொழுது அவர் உதயகிரியில் மண்ணுக்குள் இருந்தார். அம்மதிலில் நின்று காத்தோர் நாட்டு வீரர். அவர் விட்டுச் சென்ற படைமரபு திருவிதாங்கூரின் நாயர் பட்டாளமாக நிலைத்து, நாடு விடுதலை பெற்றபின் இந்தியப் படையின் மதராசு ரெஜிமெண்டில் இணைந்தது.

முடிவாக ஒன்று கூற விழைகின்றோம். 1777இல் அக்கல்லை நாட்டியோர் இலத்தீனோடு நிறுத்திக்கொள்ளாமல் தமிழிலும் பொறித்தனர். இலத்தீன், இறந்தவரின் சமயத்துக்கும் பிறந்த நாட்டுக்கும் உரியது. தமிழோ, அவ்வழியே நடந்து செல்லும் கல்குளம், இரணியல் மக்களுக்கு உரியது. ‘வழிச்செல்வோனே, நில்’ என்பது யாரை நோக்கிய அழைப்பு என்பதைத் தமிழெழுத்துக்களே உணர்த்துகின்றன. அவ்வழைப்பை ஏற்று நின்று படிக்கும் கடமை நம்முடையது. நாட்டுப் பாடல்களையும் கல்வெட்டுக்களையும் தேடித் தொகுக்கும் ஆராய்ச்சி மாணவர், இத்தகைய பிற்காலக் கல்லறை எழுத்துக்களையும் விடாது படியெடுத்தல் வேண்டும். கற்கள் தேயும், வழக்குகளோ நாள்தோறும் வளரும். தேய்வதைக் காத்து, வளர்வதை அதனோடு ஒப்பிட்டு உண்மை காண்பதே நம் பணி.